அண்ணி எடுத்த பிஃபோர் படங்கள்

அவளுக்கு அண்ணி என்று பெயர் வரக் காரணம் அவளுடைய நாத்தனார். இருவருக்கும் ஒரே ஹவுஸ்கீப்பிங் கம்பெனியில், ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் வேலை. நாத்தனார் காரிடாரின் ஒரு முனையிலிருந்து "அண்ணி, மாப்பு எங்க?" என்று கூப்பிடுவாள். அலுவலகம் திறக்க வந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவளைவிட வயதில் மூத்த வாட்ச்மேன் அண்ணி என்பார். தண்ணீர் கேன் போடுகிறவர் அண்ணி என்பார். ஒருமுறை அவளுடைய கணவரே வாசலில் வந்து நின்று, "அண்ணியக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, சொன்னது உறைத்து, அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

அதற்கு முன் அவள் ஒரு தொழிற்சாலையில் திருகாணிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அங்கே பேச்சுத்துணைக்கு இயந்திரம்தான். நாத்தனார் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் வேண்டும் என்றதும் மறுநாளே வந்து சேர்ந்துவிட்டாள். அண்ணியும் நாத்தனாரும் ஒருவருக்கொருவர் மனசாரப் பிடித்துப்போன அபூர்வமான ஜோடி. விடிந்ததும் கிளம்பி வருவதே சேர்ந்து சிரிப்பதற்குத்தான். இடையில் கொஞ்சம் பெருக்கவும் துடைக்கவும் வேண்டியிருந்தது.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு படம். சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒன்று, அது பிஃபோர். செய்த பிறகு ஒன்று, அது ஆஃப்டர். போனில் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் வேலை நடந்ததாக அர்த்தம். சூப்பர்வைசர் எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாக் கட்டடங்களின் குப்பையையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் ஒரு வார்த்தை எழுதமாட்டார். தூக்கிய கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்புவார். நாத்தனார் அவருக்குக் கட்டைவிரல் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அண்ணியின் கஷ்டம் அவளுடைய கைதான். குப்பையைக் கண்டால் அவளைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிடும். அறை பளபளத்த பிறகுதான் இடுப்பில் போன் இருப்பது ஞாபகம் வரும். முதல் தடவை அப்படி ஆனபோது, கட்டிய பையை அவிழ்த்து, பெருக்கியதையெல்லாம் திரும்பத் தரையில் போட்டுப் படம் எடுத்தாள். நாத்தனாரிடம் காட்டினாள்.

"என்னண்ணி இது, எண்ணி எண்ணி வெச்ச மாதிரி இருக்கு. கடை பரப்பியிருக்கீங்களா?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. மறுபடி பார்த்தாள். உண்மைதான். ஒவ்வொரு குப்பையும் பக்கத்துக் குப்பைக்கு மரியாதையாக இடம் விட்டு உட்கார்ந்திருந்தது. உலகத்தில் குப்பை அப்படியா கிடக்கிறது? கசங்கிய காகிதம் டஸ்ட்பின்னைத் தாண்டிப் போய் விழுந்திருந்தால் எறிந்தவருக்குக் கோபம். டஸ்ட்பின்னை ஒட்டிக் கிடந்தால் சோம்பல். மேஜைக்கு அடியில் மூலையில் கிடந்தால், அதில் எழுதியிருப்பதை அவரே பார்க்க விரும்பவில்லை. குப்பைக்கு ஆள் உண்டு. ஆளை முதலில் யோசித்துவிட்டால் போதும், குப்பை தானாக வந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த அன்று அண்ணி மாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காரிடாரில் ஒரு சுற்று சுற்றினாள் என்று நாத்தனார் சொல்கிறாள். ஈரத்தரையில் வழுக்கியது என்பது அண்ணியின் கட்சி.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மறந்துபோனால்தான் குப்பை போடுவது என்பது போய், நேரம் இருந்தாலே போட ஆரம்பித்தாள். நின்றபடி எடுத்தால் படம் வாட்ச்மேன் பார்ப்பதுபோல இருந்தது. வாசலில் குந்தி உட்கார்ந்து, கதவின் விளிம்பு லேசாகத் தெரிகிற மாதிரி எடுத்தால், எட்டிப் பார்த்து மாட்டிக்கொள்ளப் போகிற படபடப்பு வந்தது. டியூப் லைட்டை அணைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு விட்டாள். எதையும் நடுவில் வைக்கமாட்டாள். ஏதாவது ஒரு பொருள் விழப்போகிற நிலையில் இருக்க வேண்டும். பார்க்கிறவருக்குக் கை நீட்டி அதை உள்ளே தள்ள வேண்டும்போலத் தவிக்க வேண்டும். வீட்டில் கணவர் ஈரத்துண்டை நாற்காலியில் போட்டால் முன்பெல்லாம் திட்டுவாள். இப்போது தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கணவருக்குத் திட்டே தேவலை என்றிருந்தது.

ஒருநாள் கட்டைவிரல் வரவில்லை. அதற்குப் பதில் எழுத்து வந்தது. "இந்த ஆள் யாரு? ஏன் பாதியில எழுந்து போனாரு?"

படத்தில் ஆளே இல்லை. ஒரு மேஜை, மூடி கழன்ற பேனா, உள்ளங்கை அளவு சிந்திய தேநீர், அவ்வளவுதான். அண்ணி அந்தக் கேள்வியை நாத்தனாரிடம் காட்டினாள், வாட்ச்மேனிடம் காட்டினாள், தண்ணீர் கேன்காரரை வழிமறித்துக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, யார் அது என்று அவரும் கேட்டார். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாடியின் கடைசி அறை, மூக்குக்கண்ணாடி பிரேம்களை மொத்தமாக விற்கிறவருடையது. சுவர் முழுக்கத் தட்டுகளில் பிரேம்கள், முகமில்லாமல் அறையைப் பார்த்தபடி இருக்கும். அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவர் அறையில் குப்பை என்பதே கிடையாது. பேனாக்கள் மேஜை விளிம்புக்கு இணையாகப் படுத்திருக்கும். குடித்த கப்பை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். டஸ்ட்பின்னில் ஒரே ஒரு டிஷ்யூ இருக்கும். அதுவும் நான்காக மடித்திருக்கும்.

அதில்தான் வினை வந்தது. அந்த அறையின் பிஃபோரும் ஆஃப்டரும் ஒன்றுபோலவே இருந்தன. கட்டைவிரல் போன் செய்து, அறைக்குள் போனீர்களா இல்லையா என்று கேட்டார். சார், அந்த அறையே அப்படித்தான் என்றாள் அண்ணி. அப்படியொரு மனுஷன் உலகத்தில் இருக்க முடியாது என்றார் அவர். இன்னொரு மாதம் இதே மாதிரி வந்தால் அந்த மாடிக்கு ஒரு ஆள் போதும் என்று எழுதிவிடுவதாகவும், உங்கள் இருவரில் ஒருவரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

நாத்தனார் முகம் தொங்கிவிட்டது. அண்ணி இடுப்பில் கைவைத்து அறையைப் பார்த்தாள். "இவருக்கு ஒரு விருந்தாளி வேணும்" என்றாள்.

அலமாரியிலிருந்து கண்ணாடிக்காரரின் கப்புகளில் இரண்டை எடுத்துக் காபி கலந்தாள். நாத்தனாரை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, தட்டிலிருந்து ஒரு சிவப்பு பிரேமை எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். அண்ணி கண்ணாடிக்காரர் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் இடதுகைக்காரி, சும்மா இருக்கவும் தெரியாதவள். பேசிக்கொண்டே டிஷ்யூவை நார் நாராகக் கிழித்தாள். "இப்ப உனக்கு போன் வருது. எந்திரி" என்றாள் அண்ணி. நாத்தனார் காதில் கையை வைத்தபடி எழுந்தாள். நாற்காலி பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. "யாரும் எதையும் தொடாதீங்க" என்று அண்ணி, இல்லாத கூட்டத்துக்கு உத்தரவு போட்டுவிட்டு வாசலில் போய்க் குந்தினாள்.

படம் அருமையாக வந்தது. பிறகு கப்புகளைக் கழுவி, பிரேமைத் தட்டில் வைத்து, துடைத்து, ஆஃப்டரும் எடுத்து அனுப்பினார்கள்.

கட்டைவிரல் உடனே எழுதினார். "வந்தது யாரு?"

விருந்தாளி வாராவாரம் வர ஆரம்பித்தாள். ஒருநாள் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனாள். ஒருநாள் அவளுடைய கப் மட்டும் இருந்தது, எதிரில் வெறும் நாற்காலி. அன்று கட்டைவிரல் தன் மனைவியிடமும் படத்தைக் காட்டி, அந்த மனுஷனுக்கு என்னவாம், ஏன் வரவில்லையாம் என்று மனைவி கேட்பதாக எழுதினார். சிவப்பு பிரேமைவிடக் கறுப்பு எடுப்பாக இருக்கும் என்றும் அந்த வீட்டிலிருந்து தகவல் வந்தது. அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. விருந்தாளியை அவளுக்குத்தானே தெரியும். சிரித்துச் சிரித்து நாத்தனாருக்கு விக்கல் எடுத்து, அந்த விக்கலில் சிந்திய காபியும் ஒரு படத்தில் சேர்ந்துகொண்டது.

அவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. கம்பெனி இந்தப் படங்களை மாத பில்லோடு சேர்த்து வாடிக்கையாளருக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. கண்ணாடிக்காரரின் பில்களை வீட்டிலிருந்தபடி பார்க்கிறவர் அவருடைய மனைவி.

ஒரு காலையில் அண்ணி கடைசி அறையைத் திறந்தபோது, நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் கண்ணாடிக்காரர் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, மன்னிக்க வேண்டும் என்றார். என்ன சார் ஆச்சு என்று கேட்டதும் கொட்டிவிட்டார். மனைவி வெளியே போகச் சொல்லிவிட்டாராம். ஏதோ படம் வந்ததாம். எந்தப் படம் என்று காட்டக்கூட இல்லையாம்.

"எவ கூட பிஸ்கட் சாப்பிட்டீங்கன்னு கேக்கறா. எனக்கு சுகர் இருக்கும்மா. நான் பிஸ்கட் சாப்பிட்டே வருஷக்கணக்காச்சு."

நாத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

அண்ணி நின்ற இடத்தில் நின்றாள். என்ன செய்வது என்று தெரியாதபோது செய்கிற வேலையைச் செய்தாள், போனை எடுத்தாள். அன்றைய பிஃபோர் பாக்கி இருந்தது. ஆனால் எடுக்க அங்கே என்ன இருந்தது? ஷூக்கள் ஒட்டி நின்றன. உள்ளே சாக்ஸ் மடித்திருந்தது. சட்டை ஹேங்கரில், ஜன்னல் கொக்கியில், மடிப்புக் கலையாமல் தொங்கியது. பல்துலக்கும் பிரஷ் பேனாக்களுக்குப் பக்கத்தில், பேனாக்களுக்கு இணையாகப் படுத்திருந்தது. வீட்டை விட்டு அனுப்பப்பட்ட மனிதனின் அறை இப்படியா இருக்கும்? யார் நம்புவார்கள்? அத்தனை கலவரத்திலும் அண்ணிக்கு ஒரு ஷூவைக் கவிழ்த்துப் போடக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள்.

காரிடாருக்கு வந்ததும், உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும் என்றாள் நாத்தனார். சொல்லாவிட்டால் அவர் கொஞ்ச நாளில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார், எல்லா ஆம்பளைகளும் திரும்பத்தானே செய்கிறார்கள் என்றும் சொன்னாள். இவர் தானாகத் திரும்பமாட்டார், போகச் சொன்னால் போய், வரச் சொல்லும்வரை வரிசையில் நிற்கிற ஆள் இவர் என்றாள் அண்ணி. நாளைக்கு வீட்டைத் தேடிப் போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

ஆனால் மறுநாள் இவர்கள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா வந்துவிட்டார். கண்ணாடிக்காரர் சுவரோரம் பிரேம்களோடு பிரேமாக ஒட்டி நின்றார். அந்த அம்மா கத்தவில்லை. பையிலிருந்து படங்களை எடுத்தார். பெரிதாகப் பிரிண்ட் போட்டிருந்தார். மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். யார் இவள், சுத்தம் செய்ய வருகிற நீங்களாவது இவளைப் பார்த்திருப்பீர்களே என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தானே சொல்ல ஆரம்பித்தார்.

"இடது கைப் பழக்கம் உள்ளவ. கப்போட காது இந்தப் பக்கம் இருக்கு பாருங்க. பிஸ்கட்ட மூலையிலேர்ந்து கடிக்கிறா. பல்லு சின்னது. சும்மா உக்காரத் தெரியாது, டிஷ்யூவ நார் நாராக் கிழிச்சிருக்கா. பிரேம் போட்டுப் பாத்திருக்கா. புடிக்கல, ஆனா புடிக்கலன்னு இவருகிட்ட சொல்லல."

அண்ணிக்கு உடம்பு சிலிர்த்தது. கட்டைவிரலும் அவர் மனைவியும் நல்ல ரசிகர்கள்தான். ஆனால் கப்பின் காதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பிரேம் பிடிக்காததைச் சொல்லாமல் விட்டது அண்ணிக்கே இப்போதுதான் தெரியும், கேட்டதும் அதுதான் சரி என்று பட்டது. பயம் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

நாத்தனார் இடது கையில் இருந்த மாப்பை வலது கைக்கு மாற்றினாள். மாற்றாமல் இருந்திருக்கலாம். அந்த அம்மாவின் கண் மாப்போடு சேர்ந்து நகர்ந்து, மேலே ஏறி, நாத்தனாரின் பற்களைத் தேடியது. நாத்தனார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கடைசில கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருக்கா" என்றார் அந்த அம்மா, நாத்தனாரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"கோவம் இல்லம்மா" என்றாள் அண்ணி. "கோவமா எந்திரிச்சா நாற்காலி நேரா பின்னால போகும். இது திரும்பியிருக்கு பாருங்க. போன் வந்துச்சு. பேசிக்கிட்டே எந்திரிச்சா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பேசியது யார் என்பதுபோல அண்ணியும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குமேல் நாத்தனாரால் தாங்க முடியவில்லை. "உக்காந்தது நான்தாங்க" என்றாள். "ஆனா எதிர்ல இருந்தது சார் இல்ல. எங்க அண்ணி."

பிறகு இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பிஃபோர், ஆஃப்டர், இரண்டும் ஒன்றுபோல இருந்தது, விருந்தாளி, விக்கல் எல்லாவற்றையும் சொன்னார்கள். சுவரோரம் இருந்த கண்ணாடிக்காரர் இதெல்லாம் தன் அறையில் நடந்ததா என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் கப்பைக் கழுவும்போது சோப்பு போட்டீர்களா என்று மட்டும் இடையில் கேட்டார்.

அந்த அம்மா நம்பவில்லை. இவர் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறீர்கள் என்றார். பிறகு படங்களில் ஒன்றைக் கையில் எடுத்து, குரல் இறங்கிப் பேசினார்.

"சரி, பொய்யாவே இருக்கட்டும். இந்தப் படத்துல இருக்கற மாதிரி இவரு என்கூட ஒரு நாளும் உக்காந்ததில்ல. நான் பிஸ்கட்டைக் கையில எடுத்தா, இவரு ஓடிப் போய் தட்டு எடுத்துட்டு வருவாரு. இங்க யாரோடயோ சிந்திக்கிட்டு, கிழிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டு விஷயம் உண்மை.

"அப்ப இப்ப எடுங்க" என்றார் அந்த அம்மா, அண்ணியிடம். "நான் இங்க வந்து உக்காந்துட்டுப் போன மாதிரி. அப்பறம் நம்பறேன்."

அண்ணி அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். ஒரு செருப்பு வேண்டும் என்றாள். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு, இத்தனை நேரம் முறைத்துக்கொண்டிருந்த நாத்தனாரின் தோளையே பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று இடது செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணி கண்ணாடிக்காரரிடம் ஒரு ஷூ வாங்கினாள். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

காரிடாரில் மூவரும் நின்றார்கள். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஏதோ உருண்டது. "அது பேனாவா?" என்று கண்ணாடிக்காரர் மெல்லக் கேட்டார்.  இன்னொன்று உருண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது. அண்ணி அந்த அம்மாவை வாசலில் குந்தச் சொன்னாள். அவரும் குந்தினார்.

இரண்டு நாற்காலியும் மேஜையின் ஒரே பக்கத்தில், கை இடிக்கிற தூரத்தில் இருந்தன. கப் ஒன்றுதான், இரண்டு நாற்காலிக்கும் பொதுவாக. தட்டே இல்லாமல் ஒரு பிஸ்கட், அதைச் சுற்றித் தூள். பேனாக்கள் நாலா பக்கமும் கிடந்தன, யாரோ முழங்கையால் தள்ளிவிட்டு, எடுக்க நேரமில்லாமல் எதையோ பேசிக்கொண்டே இருந்ததுபோல. ஒரு மேஜை டிராயர் பாதி திறந்திருந்தது, மனைவி என்றால் திறந்து பார்க்கத்தானே செய்வாள். கீழே கண்ணாடிக்காரரின் ஷூ மல்லாந்து கிடந்தது. சற்றுத் தள்ளி அந்த அம்மாவின் செருப்பு.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"இது இவரு ஷூவா?"

"ஆமாம்மா."

"இவரு ஷூ இப்படிக் கெடக்குமா?"

அண்ணி தரையைக் காட்டினாள். கிடக்கிறதே. அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நாத்தனார் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். அழுகை இல்லை. வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு விரல் சந்துகளில் வந்துகொண்டிருந்தது. நாத்தனாருக்கு அது தொற்றியது. தொற்றியதும் விக்கல் வந்தது.

சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். "என் செருப்பு இவ்வளவு தள்ளிப் போகாது" என்றார். அதை எடுத்து, மல்லாந்திருந்த ஷூவின்மேல் சாய்த்துப் போட்டார். ஒரு அடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்ப எடுங்க."

அண்ணி எடுத்தாள். அது தன்னுடையதைவிட நன்றாக இருந்ததை மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். இனி படங்கள் பில்லோடு வர வேண்டாம் என்று கம்பெனிக்குத் தான் எழுதிவிடுவதாகவும், ஆனால் நேராகத் தன் போனுக்கு வந்துவிட வேண்டும் என்றும் அந்த அம்மா சொன்னார். வேறு எதையும் கம்பெனிக்கு எழுதப்போவதில்லை என்பது அவர் சொல்லாமலே புரிந்தது. நாத்தனார் விக்கலுக்கு நடுவே பெருமூச்சு விட்டாள்.

"அப்ப நான் வீட்டுக்கு வரலாமா?" என்று கண்ணாடிக்காரர் வாசலிலிருந்து கேட்டார்.

"வாங்க."

அவர் குனிந்து ஷூவை எடுக்கப் போனார்.

"அதத் தொடாதீங்க. படம் கெட்டுடும்."

"படம்தான் எடுத்தாச்சே."

"இருக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்."

அவர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக நின்றார். அந்த அம்மா ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையாகவும் அவர் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் காரிடாரில் நொண்டி நொண்டி நடந்தார்கள். லிஃப்ட் வரும்வரை அவர் திரும்பித் திரும்பி, திறந்திருந்த கதவு வழியாகத் தரையில் கிடந்த பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மா அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராகத் திருப்பி வைத்தார்.